பெட்டியின் வாயைப் பொத்தியவன்

என் முட்டாள்தனங்களில் பாதியை நான் மறந்துவிட்டேன். மீதிப் பாதியை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். அவள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்: நான் எழுதிய கணினி நிரலில் இருந்த பிழைக்கு, மாதா கோவில் பங்குச் சாமியார் தெளித்த தீர்த்தத்தைக் குற்றவாளி ஆக்கினேன். வாய்தவறிச் சொன்னதல்ல. தாளில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஈரம், உப்பு, மின்கசிவு என்று வகுப்பெடுத்து நிரூபித்தேன். கேட்டவர்கள் நம்பினார்கள். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது. நாகர்கோவிலில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, கையகலச் சர்க்யூட் பலகைகளில் இயங்குதளம் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. என்ன வேலை செய்கிறேன் என்று உறவினர்களுக்கு விளக்கி விளக்கித் தோற்று, கடைசியில் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கல்யாண வீடுகளில் எல்லாம் யாராவது ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

பெண் எடுத்தது மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், குளச்சலில் இருந்து ஒரு ஃபைபர் வள்ளம் ஓட்டுகிறார். அவர் டிரைவர்; கூட ஐந்து பேர். பதினோரு வருஷமாக அதே ஐந்து பேர். எனக்கோ கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மீன்குழம்பு வழியாகத் தெரிந்ததுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே மச்சான் என்னிடம் ரகசியங்களைச் சொல்லுவார். எந்தப் பாருக்குப் பக்கத்தில் என்ன மீன் கிடக்கும் என்பது அங்கே அண்ணன் தம்பிக்குள்ளும் பேசாத விஷயம். என்னிடம் சொன்னால் பாதகமில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டாலும் இவனுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது என்பது அவர் கணிப்பு.

பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் பாறைக்கூட்டம். அதைச் சுற்றித்தான் மீன் நிற்கும். வலையைப் பாருக்குப் பக்கத்தில் விட வேண்டும், மேலே விட்டால் வலை போச்சு. ஒவ்வொரு வள்ளத்துக்காரரும் தங்கள் பார்களுக்குத் தாங்களே பெயர் வைத்திருப்பார்கள். மச்சான் வள்ளத்தில் ஒன்றுக்கு ஆட்டுக்கல் என்று பெயர், ஒன்றுக்குச் சட்டுவம், இன்னொன்றுக்கு மாமியார். கடையில் வாங்கிய ஜி.பி.எஸ். கருவியோ எல்லாவற்றையும் பதினேழு, பதினெட்டு என்று எண்ணாக்கிவிடும். மாமியாரைப் பதினேழு என்று எப்படிக் கூப்பிடுவது என்று ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டபோது, நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தமிழில் பெயர் காட்டுகிற, ஆழத்தையும் சேர்த்துக் காட்டுகிற பெட்டி ஒன்றை நானே செய்து தருகிறேன் என்றேன். என் மனைவி அப்போதே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. எல்லாக் கணினிகளிலும் உண்டு. அடியில் கிடந்து மற்ற எல்லாரையும் வேலை வாங்குகிற நிரல். எந்த வேலை எப்போது ஓட வேண்டும், எந்த இடத்தில் யார் எழுதலாம், எந்தக் கம்பியில் வருவதை யார் கேட்பது எல்லாம் அதன் பொறுப்பு. உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதியது, சும்மா கிடைக்கிறது. அதை நம் பெட்டிக்கென்று கட்டும்போது ஆயிரக்கணக்கான சுவிட்சுகளுக்கு வேண்டும், வேண்டாம் என்று பதில் சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி முழுக்கச் சோதனைச் சுவிட்சுகள். அவற்றைப் போட்டுவிட்டால் கெர்னல் வேலையும் செய்யும், தன்னைத்தானே சந்தேகமும் படும். 'ஒருவர் எழுதி முடிக்குமுன் இன்னொருவர் வாசிக்கிறாரே, மற்றவர் நுழையாதபடி பூட்டு எடுத்தாயா?' என்று அப்படி நடக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்கும். எடுக்கவில்லை என்றால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று திரை முழுக்க ஆங்கிலத்தில் கொட்டும். தப்பைக் கண்டால் மேலே போகாதே, அங்கேயே நில் என்று சொல்லும் சுவிட்சும் ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் இயல்பில் அணைந்தே வரும். போட்டால் வேகம் குறையும், பெட்டி விழித்துக்கொள்ள நேரமாகும், சின்னக் குற்றத்துக்கும் ஊரைக் கூட்டும்.

நான் எல்லாவற்றையும் போட்டேன். யோக்கியத்தால் அல்ல, பயத்தால். வள்ளத்தின் அடியில் மாட்டும் ஆழமானியில் இருந்து வரும் எண்ணை வாங்கி வைக்கும் பகுதி மட்டும் நானே எழுதியது. என் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கரையேற்றிப் பழுது பார்த்த வள்ளத்தை இறக்கும் அன்று சாமியாரை அழைத்து மந்திரிப்பார்கள். பெட்டியும் அன்றுதான் ஏறியது. சாமியார் தாராளமான மனிதர். வள்ளத்துக்குத் தெளித்தார், எஞ்சினுக்குத் தெளித்தார், வலைக்குத் தெளித்தார். வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அணியத்தில் நிற்கிறவர் கட்டைக்குரல் ஆள், அவர் என் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, இதுக்கும் கொஞ்சம் என்று காட்டினார். அதுக்கும் விழுந்தது, நன்றாகவே விழுந்தது.

முதல் வாரத்தில் இரண்டு தடவை பெட்டி நடுக்கடலில் நின்றது. திரை முழுக்க ஆங்கில எழுத்து. மீன்கூடையில் பெட்டியை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, பஸ்ஸில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்தேன். உள்ளே, ஓரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர்.

அந்த ஒரு சொட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. படம் வரைந்தது அப்போதுதான். மனைவிக்குச் சொன்னேன், மச்சானுக்குச் சொன்னேன், பெட்டி கொண்டுவந்த அணியத்துக்காரருக்குச் சொன்னேன். அவர் ஊரில் போய்ச் சொன்னார். திரையில் கொட்டிக் கிடந்த எழுத்தில் என் கோப்பின் பெயர் இருந்தது, வரி எண் இருந்தது. எப்படியென்றால், தபால்காரர் கடிதத்தோடு என் வாசலில் வந்து என் பெயரையே கூப்பிடுகிறார். நான் கதவைத் திறந்து, அடுத்த வீட்டில் கேளுங்கள் என்று அனுப்புகிறேன். உள்ளே ஈரம் பட்டால் பெட்டி கண்டபடி உளறும், உளறலைப் படிக்கத் தேவையில்லை என்று முடிவு கட்டினேன். மனைவியின் தலைமுடி உலர்த்தியால் காயவைத்து, மூடியைச் சுற்றிப் பசை பூசினேன். மேஜைமேல் வைத்து ஒருநாள் முழுக்க ஓட்டினேன். நிற்கவில்லை. ஆழமானியை மாட்டாமல் ஓட்டினால் எப்படி நிற்கும்? அதை யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளையில் ஈரம் காயவில்லை.

கடலுக்குப் போனதும் மறுபடி நின்றது. மச்சான் போனில் கூப்பிட்டு, பையன்மார் எல்லாம் உம்ம பெட்டிய மலையாளத்துல மந்திரிச்சாத்தான் கேக்குமோன்னு கேக்கானுவ என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈரம் இன்னும் முழுக்கப் போகவில்லை, சோதனைகள்தான் தேவையில்லாமல் பயந்து சாகின்றன என்று சொல்லிக்கொண்டு, சோதனைச் சுவிட்சுகள் அத்தனையையும் அணைத்துவிட்டுக் கெர்னலைப் புதிதாகக் கட்டி ஏற்றினேன்.

அதன்பிறகு பெட்டி நிற்கவே இல்லை. சீக்கிரம் விழித்தது, சட்டென்று பதில் சொன்னது. மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. குணமாகிவிட்டது என்று நான் அறிவித்தேன். குளச்சல் பக்கம் இன்னும் இரண்டு வள்ளத்துக்காரர்கள் பெட்டி கேட்டார்கள். நான் மாடியறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மச்சான் வந்தார். கையில் மீன் இல்லை, என் பெட்டிதான் இருந்தது. அவர் மீன் இல்லாமல் என் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். ஆட்டுக்கல் பக்கம் போகும்போது பெட்டி இருபத்தொன்பது மார் ஆழம் என்று காட்டியிருக்கிறது. மார் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். இருபத்தொன்பது என்றால் பார் தாண்டிப் போயாயிற்று, வலையை விடலாம். விட்டார்கள். நேராக ஆட்டுக்கல்லின் தலையில் விழுந்தது. பாதி வலை பாரோடு போயிற்று.

வலையைவிடப் பெரிய சேதம் வேறு. அவர் வள்ளத்தில் ஒரு சட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அணியத்தில் நிற்கிறவர் ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்த்துச் சொல்ல வேண்டும். நீரோட்டம் இழுத்து, கயிறு சரிந்து, சந்தேகமாகப் பட்டால் 'தெரியாது' என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை கேலி பேசக் கூடாது. குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டால், மறுநாள் கரையில் எல்லார் முன்னாலும் 'நான் பாக்காம சொன்னேன்' என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறலாம். என் பெட்டி வந்த பிறகு, அது எப்போது பார்த்தாலும் தயங்காமல் ஒரு எண்ணைக் காட்டியதால், ஈயக்குண்டு போடுவதை மச்சான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அணியத்துக்காரர் வேண்டாம் என்றாராம். மாப்பிளை படித்தவர் என்று இவர் அடக்கிவிட்டார். இப்போது வலை போனதும் ஐந்து பேரும் ஒரே கேள்வி: டிரைவருக்கு, அவர் கூட நிற்கிற எங்கள் வாயைவிடத் தங்கச்சி மாப்பிளையின் பெட்டி பெரிதாகப் போயிற்றா? முட்டத்து வள்ளம் ஒன்றில் ஆள் தேவை என்று சொல்லி இவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டும் விட்டார்கள்.

"நாளக்கழிச்சு வள்ளம் எறங்கணும். அஞ்சு பேரும் ஏறினா நான் டிரைவரு. ஏறல்லைன்னா, எவன் வள்ளத்துலயாவது வலை இழுக்கப் போவேன்."

பெட்டியைத் தூக்கிக் கடலில் போடுங்கள் மச்சான் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, மொதல் வாரம் இது எங்க நின்னுது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"ரெண்டு தடவையும் ஆட்டுக்கல்லுக்க பக்கத்துலதான். இதே எடம். அண்ணைக்கு நின்னது இண்ணைக்கு ஏன் நிக்கல்ல?"

"நான்தான் நிக்க விடாம ஆக்கிட்டேன், மச்சான். சும்மாச் சும்மா நின்னு பேரக் கெடுக்குதுன்னு."

"யாருக்க பேர?"

"எனக்க பேர."

அடுக்களையில் இருந்து மனைவி சிரித்த சத்தம் கேட்டது. மச்சான் சிரிக்கவில்லை.

"அப்பம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நீருதான் வாயப் பொத்தியிருக்கீரு."

அவர் போன பிறகு சுவிட்சுகளை எல்லாம் மறுபடி போட்டேன். ஆழமானி எண் அனுப்புவது போலவே எண் அனுப்பும் ஒரு சின்ன நிரல் எழுதி, பெட்டிக்குப் பத்தொன்பது, இருபது, பத்தொன்பது, இருபது என்று ஊட்டினேன். மனைவி கொண்டுவந்து வைத்த சாயா ஆறுவதற்குள் பெட்டி நின்றது. அதே கோப்பு, அதே வரி. இந்தத் தடவை படித்தேன்.

பிழை இதுதான். ஆழத்தின் இரண்டு இலக்கங்களையும் ஒரு பகுதி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பகுதி அதை வாசித்துத் திரைக்கு அனுப்பியது. எழுதும்போது பூட்டை எடுக்க வேண்டும் என்பதை நான் எழுத மறந்திருந்தேன். ஆழம் இருபதில் இருந்து பத்தொன்பதுக்கு மாறும் அந்தக் கணத்தில் பழைய இரண்டும் புதிய ஒன்பதும் கை கோத்துக்கொள்ளும்: இருபத்தொன்பது. எண் மாறினால்தான் என் பகுதி எழுதும். ஆகவே கடல் நடுவில், ஆழம் மாறாத இடத்தில், இது வராது. பார் எழும்புகிற விளிம்பில்தான் வரும். எங்கே பொய் சொன்னால் வலை போகுமோ, அங்கே மட்டும் பொய் சொல்லும்படி ஒரு பெட்டியை என் கையாலேயே செய்திருந்தேன். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

திருத்தியது மூன்றே வரி. ஆனால் அதன்பிறகு சுவிட்சுகளை அணைக்கக் கை வரவில்லை. இந்தப் பிழை போயிற்று. அடுத்ததை எழுதப்போகிறவனும் நான்தானே? சோதனைகள் இயல்பிலேயே போட்டபடி இருக்கட்டும், அணைக்க வேண்டுமானால்தான் ஒருவன் மெனக்கெட வேண்டும் என்று என் கட்டுமானக் கோப்பையே மாற்றி வைத்தேன். விழித்துக்கொள்ள நேரமானால் ஆகட்டும். வள்ளம் துறையை விட்டு வெளியே போகவே அதைவிட நேரமாகும்.

மிச்சம் இருந்தது அந்த ஆங்கிலக் கொட்டல். பெட்டி நிற்பதல்ல அவர்களுக்குச் சிக்கல். நின்றுகொண்டு என்ன சொல்கிறது என்று தெரியாததுதான். ஆகவே நிற்கும்போது திரையை வெறுமையாக்கி, பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாசகம் காட்டும்படி செய்தேன்: 'தெரியாது. குண்டு போடுங்க.' ஒரு நிமிஷம் அப்படியே நிற்கும். பிறகு தானாக மறுபடி விழித்துக்கொள்ளும். ஆங்கிலமெல்லாம் உள்ளே ஒரு மூலையில் எனக்காகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

மறுநாள் காலையில் சாமியாரைப் பார்க்கப் போனேன். அது மனைவியின் உத்தரவு. ஈயக்குண்டுச் சட்டம் கடலுக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தாள். என் தீர்த்தத் தத்துவம் ஊரில் பரவி, சாமியார் காதுக்கும் போய், அதற்குப் பிறகு மந்திரித்த வள்ளங்களுக்கெல்லாம் அவர் விரல் நுனியில் தொட்டு உதறியிருக்கிறார். எங்களுக்கு மட்டும் என்ன அரைகுறை மந்திரிப்பு என்று வள்ளத்துக்காரர்கள் முனகியிருக்கிறார்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பெட்டியின் மூடி இப்போது இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். இருக்கிறது என்றேன். நல்லது, இனிக் கை அடக்க வேண்டியதில்லை என்றார்.

வள்ளம் இறங்கும் நாள் மத்தியானம், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குளச்சல் பஸ்ஸில் போனேன். மணலில் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் சற்றுத் தள்ளி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த எஞ்சின் என்று பார்த்தாலே தெரிந்தது. யாரும் நிமிரவில்லை. அணியத்துக்காரர் மட்டும் வலையில் இருந்து கண்ணை எடுக்காமல், இண்ணைக்கு எந்தச் சாமியாரு மேல பழி என்று கேட்டார்.

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். பூட்டு, நினைவகம், இலக்கம் என்று அழகாக வரும். அங்கே நின்றபோது அதில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

"தீர்த்தத்துல ஒண்ணும் இல்ல. தப்புன்னு பெட்டி சொல்லிச்சு. நான் பாக்காம வாயப் பொத்தினேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

வலை ஊசிகள் நிற்கவில்லை. பிறகு அணியத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். இனியும் பொத்துவீரோ என்று கேட்டார். இனி என்னாலும் சுலபமாக முடியாது என்று சொல்லி, பெட்டியை மின்கலத்தில் மாட்டி, வேண்டுமென்றே தப்புச் செய்யச் சொல்லும் ஒரு கட்டளையைக் கொடுத்தேன். திரை கறுத்தது. 'தெரியாது. குண்டு போடுங்க.' அவர் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். மற்ற நால்வரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள். மூன்றாம் தடவையும் காட்டச் சொன்னார்கள். முட்டத்துக்காரர்கள் கூப்பிட்டிருந்த இருவரில் ஒருவர், நம்ம டிரைவரே ஒரு நாளும் இந்த வார்த்தை சொன்னதில்ல, பெட்டி சொல்லுது பாரு என்றார். எஞ்சின் பக்கத்தில் இருந்து மச்சான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அணியத்துக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் வைத்துக் கட்டினார். பக்கத்திலேயே ஈயக்குண்டையும் கயிற்றையும் சுருட்டி வைத்தார். வலையை ஏற்றினார்கள். பிறகு வள்ளத்தின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நானும் ஒரு ஓரத்தில் கைவைத்தேன். தள்ளினேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் தொட்டதும் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதாக அணியத்துக்காரர் தாவி ஏறினார். மச்சான் என் பக்கம் திரும்பாமலே எஞ்சின் கயிற்றை இழுத்தார். அவர் முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, "மச்சான், நானும் கூட வரட்டா? ஆட்டுக்கல்லு பக்கம் ஏதாவது ஆச்சுன்னா நானே பாத்துக்கிடுவேன்" என்று கத்தினேன்.

"பெட்டி போதும்."